வெள்ளையாய்த் தேய்த்த கல்

அந்த மருத்துவமனைச் சமையலறையில் மொத்தம் பதினோரு கத்திகள். அவற்றைக் கழுவுவது, எண்ணுவது, கூர் போடுவது, வேலை முடிந்ததும் பூட்டி வைப்பது எல்லாம் ஒருத்தியின் பொறுப்பு. அதனால் எல்லோரும் அவளைக் கத்தியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வந்த ஒரு டாக்டர் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "எந்தக் கேஸ்ல மாட்டினவங்க?" என்று விசாரித்த கதை ரொம்ப நாள் ஓடியது. உண்மையில் அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை அந்தக் கட்டடத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாது. மேலாளர் கூப்பிட்டால் அவளுக்குக் கை சில்லிட்டுவிடும். தப்பே செய்யாத நாளிலும், என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போவாள்.

அவள் கூர் போடுவது ஒரு செராமிக் கல்லில். சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம் நீளமான வெள்ளைக் கல். சாதாரணச் சாணைக்கல் போல அது தேயாது, தண்ணீர் குடிக்காது. ஆனால் கத்தியிலிருந்து உதிரும் இரும்புத் தூள் முழுக்க அதன் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் போய் அடைந்துகொள்ளும். பத்து நாளில் கல் சாம்பல் நிறமாகிவிடும். இருபது நாளில் பென்சிலால் கிறுக்கித் தள்ளிய காகிதம் மாதிரி கறுத்துப் பளபளக்கும். அதற்கப்புறம் கத்தி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர கூராகாது. அப்போது கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கான காய்வெட்டு முடிந்து, தள்ளுவண்டிகள் மாடிகளுக்குக் கிளம்பிப் போன பிறகு, சமையலறை கொஞ்சம் மூச்சு விட்டது. மணி பதினொன்றரை. அவள் கல்லை எடுத்துக்கொண்டு பின்பக்கத் தொட்டிக்குப் போனாள். கல்லை நனைத்து, பாத்திரம் தேய்க்கும் பொடியைத் தூவி, சொரசொரப்பான பச்சை நாரால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். முதலில் ஒன்றும் நடக்காது. கை வலிக்கத் தொடங்கும் நேரத்தில் பொடி சாம்பல் நிறக் குழம்பாகும். அதைக் கழுவிவிட்டு மறுபடி பொடி போட்டால் அடுத்த குழம்பு இன்னும் கறுப்பாக வரும். அவளுக்கு இந்த வேலை பிடிக்கும். இதில் யாரும் வந்து சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டுவதில்லை. பக்கங்கள், விளிம்புகள், மூலைகள் என்று ஓர் இடம் விடாமல் தேய்த்து, தண்ணீரை ஊற்றி, துணியால் ஒற்றி எடுத்தாள்.

கல் வாங்கிய அன்றைக்கு இருந்த வெள்ளை. திருப்தியாகக் கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். விரலில் ஏதோ குத்தியது.

கல்லின் ஒரு மூலையைக் காணோம்.

பெரிய உடைசல் இல்லை. சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். ஆனால் உடைந்த இடத்தின் ஓரம் கண்ணாடி போலக் கூராக இருந்தது. அவள் தொட்டிக்குள் குனிந்து தேடினாள். சாக்கடைச் சல்லடையைக் கழற்றிப் பார்த்தாள். நாரைப் பிரித்து உதறினாள். கறுப்புத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை.

அப்போதுதான் காலையில் நடந்தது ஞாபகத்துக்கு வந்தது.

எப்போதும் அவள் சுவரோரத்து மேடையில்தான் கூர் போடுவாள். அன்றைக்கு அங்கே காய் மூட்டைகளை இறக்கிவிட்டார்கள். தலைமைச் சமையல்காரர், எல்லோருக்கும் மாஸ்டர், "எங்கயாவது ஒரு ஓரத்துல வெச்சுத் தீட்டு, நேரமாகுது" என்று கத்தினார். அவள் நடுமேசையின் ஓரத்தில் கல்லை வைத்துத் தீட்டினாள். பக்கத்திலேயே வேகவைத்து உரித்த உருளைக்கிழங்கு, பெரிய பாத்திரத்தில், மூடாமல் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவளுடைய நாத்தனார் காலித் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் வீட்டில் மட்டும் நாத்தனார் இல்லை, இந்தச் சமையலறையிலும் அதே நாத்தனார் அதிகாரம்தான். யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டே வந்தவள் வண்டியை மேசைமேல் இடித்தாள். கல் சறுக்கிப்போய்ப் பாத்திரத்தின் விளிம்பில் டங்கென்று மோதியது. கத்தியக்கா அதைப் பிடித்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். கத்தி யார் கையிலும் படவில்லையே என்றுதான் பார்த்தாளே தவிர, கல்லைப் பார்க்கவில்லை.

உருளைக்கிழங்கு அப்புறம் மசிக்கும் இயந்திரத்துக்குப் போனது. அங்கிருந்து இருபத்தாறு தட்டுகளுக்கு.

'இருக்காது' என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் மாஸ்டரே இந்தக் கல்லைத் தரையில் தவற விட்டிருக்கிறார். மூலை அப்போதே போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் உடைந்த இடத்திலும் மற்ற இடம் மாதிரியே இரும்புக் கறுப்பு ஏறியிருக்கும். இன்றைக்கு உடைந்திருந்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அவள் மூலையைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தாள். வெள்ளை. கல் மொத்தமும் வெள்ளை. கால் மணி நேரம் கை வலிக்க வலிக்க அவளே தேய்த்த வெள்ளை. பழைய உடைசலா புதியதா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை அவள் பொடி போட்டுக் கழுவிச் சாக்கடையில் விட்டிருந்தாள்.

அவள் மாஸ்டரிடம் போய்க் கல்லை நீட்டினாள்.

"மாஸ்டர், கல்லு உடைஞ்சிருக்கு."

"உடைஞ்சா வேற வாங்கிக்கலாம். இதுக்கு ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"துண்டைக் காணோம். காலையில வண்டி இடிச்சப்ப கல்லு உருளைக்கிழங்குப் பாத்திரத்துல மோதுச்சு. உள்ள விழுந்திருக்குமோன்னு..."

மாஸ்டர் எட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அன்னைக்கு நான் கீழ போட்டப்ப உடைஞ்சது."

"அப்ப நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா அப்பதான் உடைஞ்சிருக்கும்."

"எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

"இல்லைன்னு நீ எப்படி உறுதியாச் சொல்லுவே?"

மாஸ்டர் குரலை இறக்கினார். மசித்ததைச் சல்லடையில் தேய்த்து இறக்கிய பிறகுதான் தட்டில் வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. சல்லடை கிழிந்து நாலு நாள் ஆகிறது. புதிதுக்கு அவர் எழுதிக்கூடக் கொடுக்கவில்லை. "சல்லடை விஷயம் வெளிய வந்தா என் வேலை போச்சு. கல்லை அங்க வெச்சதுக்கு உன் வேலை போச்சு. வண்டியை இடிச்சதுக்கு உன் நாத்தனார் வேலையும் போச்சு. ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு மூணு வீட்டு அடுப்பை அணைக்கப் போறியா? கல்லு பளபளன்னு இருக்கு. யாரு வந்து பாத்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது. போ, போய்க் கத்தியை எண்ணு."

அவர் சொன்னது சரிதான் என்பதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. யார் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. வாயை மூடிக்கொண்டு கத்திகளை எண்ணினால் போதும். அவள் எண்ணவும் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கத்தியில் கை நின்றுவிட்டது.

அந்த இருபத்தாறு தட்டும் மூன்றாம் மாடிக்குப் போகிறவை. பக்கவாதம் வந்தவர்கள், தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள், விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் இருக்கும் வார்டு. வாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்கள். தெரிந்தாலும் துப்ப முடியாதவர்கள். துப்ப முடியவில்லை என்று சொல்லவும் வாய் வராதவர்கள். மசித்த உருளைக்கிழங்குக்குள் அவ்வளவு சின்னத் துண்டு புதைந்து கிடந்தால் ஊட்டுகிறவர் கண்ணுக்கும் படாது.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மாஸ்டர் மேசையில் வைத்திருந்த கல்லை எடுத்துக்கொண்டாள்.

தைரியம் வந்து அவள் ஓடவில்லை. இரண்டு பயங்களில் எது பெரியதோ அது பிடரியைப் பிடித்துத் தள்ளியது. முதலில் இன்டர்காமில் மூன்றாம் மாடியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அங்கே யாரும் போனை எடுப்பதில்லை. சுவர்க்கடிகாரம் பதினொன்று ஐம்பத்தைந்து காட்டியது. பன்னிரண்டுக்குள் எல்லோருக்கும் ஊட்ட ஆரம்பித்துவிடுவார்கள். "ஏய், எங்க போற?" என்று மாஸ்டர் கத்துவது முதுகுக்குப் பின்னால் கேட்டது. லிஃப்ட் ஐந்தாம் மாடியில் நின்றுகொண்டிருந்தது. அவள் படிக்கட்டில் ஏறினாள். நாற்பத்தாறு வயது உடம்பு. முதல் மாடியில் மூச்சு வாங்கியது, இரண்டாம் மாடியில் முட்டி விட்டுப்போனது. கையில் அந்தக் கல் இன்னும் இருந்தது.

மூன்றாம் மாடி நடையில் தள்ளுவண்டி பாதி தூரம் போயிருந்தது. நாத்தனார் ஒரு தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி? என்ன இங்க, மூச்சிரைக்க?"

"கொடுக்காதே! அதை வண்டியில வை!"

"ஒம்போது தட்டு கொடுத்தாச்சே. ஏன், உப்பு போட மறந்துட்டீங்களா?"

கத்தியக்கா வார்டுப் பக்கம் திரும்பினாள். வீட்டிலும் சரி, வேலையிலும் சரி, அவள் குரலை உயர்த்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அந்த வார்டு முழுக்கக் கேட்டது.

"யாரும் சாப்பிடாதீங்க! யாருக்கும் ஊட்டாதீங்க! ஸ்பூனைக் கீழ வைங்க!"

எல்லா முகங்களும் திரும்பின. தலைமை நர்ஸ், உயரமான, அதிர்ந்து பேசாத பெண், விறுவிறுவென்று வந்தார். கத்தியக்கா கல்லைக் காட்டி ஒரே மூச்சில் கொட்டினாள். கல், வண்டி, பாத்திரம், சல்லடை. வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. நர்ஸ் பாதியிலேயே புரிந்துகொண்டார். "சாப்பாட்டைத் தொடாதீங்க. எல்லாத் தட்டையும் எடுங்க, எந்த பெட்டு தட்டுன்னு எழுதி ஒட்டுங்க. யாரு யாரு வாயில வெச்சாங்களோ அவங்களை நிமிர்த்தி உட்கார வைங்க" என்று உத்தரவுகள் போட்டார். நாலு பேர் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

நாலு பேரில் ஒருவர் பதினான்காம் கட்டில் பெரியவர். அவருடைய மகள் பக்கத்தில் ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தாள். தட்டில் பாதி காலி. நர்ஸ் அவரை நோக்கி நடக்கும்போதே அவர் இரும ஆரம்பித்தார்.

அந்த இருமல் நிற்கவில்லை. முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. கத்தியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். 'நான்தான், நான்தான்' என்று உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டே இருந்தது. நர்ஸ் அவரை முன்பக்கம் சாய்த்து, கையுறை போட்ட விரலால் வாயைச் சுற்றித் துழாவி, டார்ச் அடித்துப் பார்த்தார். டாக்டர் ஓடிவந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? கத்தியக்காவுக்கு அது ஒரு நாள். இருமல் மெல்ல இறங்கியது. பெரியவர் மூச்சை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார்.

"இவருக்கு எப்பவும் சாப்பிடும்போது இருமல் வரும்" என்றாள் மகள், ஒன்றும் புரியாமல். "எதுக்கு இவ்வளவு பேர்? என்ன ஆச்சு?"

"சமையலறையில ஒரு சந்தேகம்மா. பாத்துட்டுச் சொல்றோம்" என்றார் டாக்டர்.

சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது என்பது அடுத்த கேள்வி. இருபத்தாறு தட்டையும் விரலால் பிசைந்து பார்க்கலாம் என்றார் ஒருவர். காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளாதா என்றார் இன்னொருவர்.

"ஒட்டாது சார். அது இரும்பு இல்ல, செராமிக். மேல அப்பியிருக்கற தூளு பத்தாது" என்றாள் கத்தியக்கா. அவளுக்கு அழுகை வந்தது.

நர்ஸ் கல்லை வாங்கிக் கையில் எடை பார்த்தார். "பல்லு எக்ஸ்ரேல தெரியுதே. இது தெரியாதா?"

எக்ஸ்ரே அறை கீழ்த்தளத்தில். மஞ்சள் சட்டை போட்ட ஒரு தம்பி அங்கே இருந்தான். தள்ளுவண்டியோடு வந்த கூட்டத்தைப் பார்த்து முதலில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், "தட்டு ஸ்டீலா?" என்றுதான் கேட்டான்.

"பிளாஸ்டிக்" என்றாள் வண்டியைத் தள்ளிவந்த நாத்தனார்.

"நல்லவேளை. ஸ்டீலா இருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது." முதலில் கல்லையே வைத்து ஒரு படம் எடுத்தான். திரையில் அது பளீரென்று வெள்ளையாக நின்றது. "தெரியுது. உருளைக்கிழங்குக்கு இன்னைக்குத்தான் முதல்தடவை படம் எடுக்கறேன். மூச்சை இழுத்துப் பிடின்னு சொல்ல வேண்டாம், அந்த வரைக்கும் நிம்மதி."

அவன் நாலு நாலு தட்டாக அடுக்கிப் படம் எடுத்தான். முதல் படத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. நாத்தனார் இப்போது கத்தியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. "அண்ணி, நான் பாத்து வந்திருக்கணும்" என்று முணுமுணுத்தாள். மூன்றாவதில் ஒன்றும் இல்லை. நாலாவதிலும் இல்லை. கத்தியக்காவுக்கு ஒரு புதுப் பயம் வந்தது. எதிலுமே இல்லையென்றால்? பழைய உடைசல்தான் என்று நிம்மதியாகப் போகலாமா, அல்லது யாரோ விழுங்கிவிட்டார்கள் என்று அர்த்தமா? கல் இனி அவளுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

ஐந்தாவது படம் திரையில் விரிந்தது. சாம்பல் மேகம் மாதிரி நாலு குவியல்கள். கீழ் இடது பக்கத்தில், குவியலின் விளிம்பில், ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. புள்ளிகூட இல்லை, மூன்று முனை உள்ள ஒரு பல்.

மஞ்சள் சட்டைத் தம்பி தட்டை எடுத்து ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். "பதினாலு."

நர்ஸ் கையுறையோடு அதைத் தேடி எடுத்தார். ஸ்பூன் கடைசியாக அள்ளிய பள்ளத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. அடுத்த வாயிலோ அதற்கடுத்த வாயிலோ உள்ளே போயிருக்கும். கழுவிக் கல்லின் மூலையில் வைத்தபோது அது வந்து பொருந்தியது. கத்தியக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏற்கெனவே சாப்பிட்ட நாலு பேருக்கும் படம் எடுத்தார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை. மசித்த உணவைத் திரும்பச் செய்து, மாடிக்கு அனுப்பும்போது மணி ஒன்றரை. மேலாளர் மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்தார். சல்லடை நன்றாகத்தான் இருந்தது என்று மாஸ்டர் சொல்லத் தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் நாத்தனார், "நாலு நாளா கிழிஞ்சு கெடக்கு சார். நான் வண்டியை இடிச்சதும் உண்மை. ரெண்டையும் சேர்த்து எழுதிக்கங்க" என்றாள். மேலாளர் எழுதிக்கொண்டார். மூன்று பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மாஸ்டரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். கூர் போடுவதற்கு, சமையலறைக்கு வெளியே, துடைப்பம் வைக்கும் சின்ன அறையை ஒதுக்கினார்கள். யாரும் வேலையை விட்டுப் போக வேண்டியிருக்கவில்லை.

அதெல்லாம் அப்புறம் நடந்தது. அன்றைக்கு, இரண்டு மணிக்கு, கத்தியக்காவால் கீழே இருக்க முடியவில்லை. பெரியவர் உண்மையாகவே நன்றாக இருக்கிறாரா என்று கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. மாடிக்குப் போய் வார்டு வாசலில் நின்றாள். மகள் அவளைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க சமையல்காரங்கதானே? பன்னெண்டு மணிச் சாப்பாடு ஒன்றரைக்கு வந்தா எப்படி? இவரால பசிக்குதுன்னு சொல்லக்கூட முடியாது. பொறுப்பே கிடையாதா உங்களுக்கெல்லாம்?"

டாக்டர்கள் மகளிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை என்று புரிந்தது. மன்னிச்சிடுங்கம்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். அதற்குக் கத்தியக்கா வாயையும் திறந்தாள், ஆனால் வந்தது வேறு.

"உங்கப்பா தட்டுல கல்லுத்துண்டு கெடந்துச்சும்மா. என் கல்லு. கத்தி தீட்டறது. என் தப்புதான். அதைத் தேடித்தான் நேரமாச்சு. கெடைச்சிருச்சு. அவரு முழுங்கல."

மகள் கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தாள். அப்பாவின் தொண்டையைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான்தானே ஊட்டிட்டு இருந்தேன்" என்றாள்.

"ஆமாம்மா."

"நீங்க கத்தினப்ப எனக்குக் கோபம்தான் வந்துச்சு. யாரிந்தப் பைத்தியம்னு நெனச்சேன்."

பெரியவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நடப்பது எதிலும் அக்கறை இல்லாமல், கண்ணை மூடித் தூங்கப் போனார்.

"ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நீங்கதான் வெட்டுவீங்களா?" என்றாள் மகள்.

"வேணாம்னா சொல்லுங்க. வேற ஆளை விடச் சொல்றேன்."

மகள் யோசித்தாள். "நீங்களே வெட்டுங்க. ஆனா இவரு தட்டை நீங்களே கொண்டுவரணும். முதல் வாய் ஊட்டற வரைக்கும் பக்கத்துல நிக்கணும். எனக்குத் தனியா ஊட்டப் பயமா இருக்கு."

ஏழு மணிக்குக் கத்தியக்கா தட்டோடு போனாள். மசித்ததை இரண்டு தடவை புதுச் சல்லடையில் இறக்கி, ஸ்பூனால் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் மூடியிருந்தாள். மகள் ஒரு ஸ்பூன் அள்ளினாள், விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், கத்தியக்காவிடமும் காட்டினாள். பெரியவர் பொறுமையிழந்து வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். ஸ்பூன் உள்ளே போனது. அவருடைய தொண்டை மேலே ஏறி, நின்று, கீழே இறங்கியது. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் அவரோடு சேர்ந்து விழுங்கினார்கள்.